தோண்டாமல் புதையும் மீன்: பாம்பு விலாங்கும் அதன் கரையோர மண்ணும்

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஈரோட்டில் ஒரு மீன் கடையில் நின்றிருந்தேன். நெத்திலிப் பெட்டியைத் தொட்டியில் கவிழ்த்தபோது, மீனோடு மீனாக ஒரு முழத்துக்கு மேல் நீளமான பழுப்புக் கயிறு போல ஒன்று வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மா இரண்டடி பின்னால் போய், "ஏனுங்க, பாம்பு கெடக்குதுங்க!" என்றார். மீன் வெட்டுகிற அண்ணன் அதை நிதானமாக எடுத்து ஓரமாகப் போட்டார். "பாம்பு இல்லீங்கக்கா. பாம்புக்கும் மீனுக்கும் பொறந்தது. கடலுக்கடியில வளை தோண்டிக் கெடக்குமுங்க."

இந்த இரண்டு செய்தியையும் நான் பல வாயில் கேட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களுக்குக் கீழேயும் இதையேதான் எழுதுகிறார்கள். ஒன்று, இது பாம்பும் மீனும் கலந்த பிறவி. இரண்டு, இது வளை தோண்டும். இரண்டும் சரியில்லை. முதல் தவறைத் திருத்துவது எளிது. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த மீன் எதையும் தோண்டுவதில்லை என்பது புரிந்துவிட்டால், அதன் வால் ஏன் அப்படி இருக்கிறது, அது ஏன் சில இடங்களில் மட்டும் வாழ்கிறது, கடலே இல்லாத நம் கொங்கு நாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும்.

பாம்பும் இல்லை, கலப்பும் இல்லை

"பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு" என்று நம் பக்கத்தில் ஆளைக் குறித்துச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நல்லவனாக நடிப்பவனுக்கு அது பொருந்தலாம். மீனைப் பொறுத்தவரை அது அநியாயம். விலாங்கு தலை முதல் வால் வரை மீன்தான்.

கடையில் கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலைக்குக் கொஞ்சம் பின்னால், கீழ்ப்பக்கமாக, இரண்டு புறமும் சின்னப் பிளவு இருந்தது. அது செவுள் வாய். மீன் தண்ணீரை வாயால் இழுத்து, அதிலிருக்கும் ஆக்சிஜனைச் செவுளில் எடுத்துக்கொண்டு, இந்தப் பிளவு வழியாக வெளியே விடுகிறது. பாம்புக்குச் செவுள் கிடையாது. கடலிலேயே வாழும் கடல் பாம்புகூட மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். பாம்பின் உடலெல்லாம் செதில். இதன் தோலில் செதிலே இல்லை, வழுவழுப்புதான். பிளவுக்குப் பின்னால் நகக்கண் அளவில் இரண்டு துடுப்புகள். முதுகில் நீளவாக்கில் ஒரு தாழ்ந்த துடுப்பு ஓடுகிறது.

வாலைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கடல் பாம்பின் வால் படகுத் துடுப்பு மாதிரி பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், நீந்துவதற்காக. இந்த மீனின் வால் உருண்டு, கடைசியில் கூராக, துடுப்பே இல்லாமல் முடிகிறது. இன்னொரு வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. கடல் பாம்புகளுக்குக் கடும் விஷம் உண்டு. இந்த மீனுக்கு விஷம் இல்லை. பிடித்தால் கடிக்கும், அவ்வளவுதான்.

இவற்றுக்குப் பாம்பு விலாங்கு என்று பெயர். உலகில் 300க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கடலிலும் கரையோரத்திலும் மண்ணுக்குள் புதைந்து வாழ்பவை. நம் நாட்டுக் கழிமுகங்களில் இருக்கும் ஒரு வகையை எடுத்துக்கொண்டு பேசுவோம். அதன் அறிவியல் பெயர் பிசோடோனோபிஸ் போரோ. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'பட்டாணிப் பல் பாம்பு' என்று பொருள். நண்டின் ஓட்டை நொறுக்குவதற்கு ஏற்ற மழுங்கிய, உருண்டையான பற்கள் அதற்கு இருக்கின்றன. ஒரு மீட்டர் வரை வளரும். ஆங்கிலத்தில் இதை 'நெல்வயல் விலாங்கு' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். கடலோடு நில்லாமல் கழிமுகம் தாண்டி ஆற்றுக்குள்ளும், கடலோர நெல் வயல் வரைக்கும் வரக்கூடியது.

இந்த மீனை 1822இல் அறிவியலுக்காக முதலில் விவரித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கைப் பகுதியின் மீன்களைப் பற்றிய நூலில். அவருடைய பழைய பெயர் பிரான்சிஸ் புக்கானன். திப்பு சுல்தான் வீழ்ந்த அடுத்த ஆண்டு, 1800இல், கம்பெனி அரசுக்காகப் பவானி, கோயம்புத்தூர், கரூர், தாராபுரம் என்று நம் ஊர் ஊராகச் சுற்றி, என்ன பயிர் விளைகிறது, மண் எப்படி, நெசவு எப்படி என்று குறிப்பெழுதிக்கொண்டு போனாரே, அதே புக்கானன்தான். நம் காவிரிக் கரையில் நடந்தவர் பிறகு இந்த மீனுக்குப் பெயர் வைத்தார் என்பதை அறிந்தபோது எனக்கு ஏதோ உறவுக்காரர் செய்தி கேட்ட மாதிரி இருந்தது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: செவுள், துடுப்பு, செதிலில்லாத தோல் எல்லாம் சேர்ந்து இது முழு மீன். கடல் பாம்போடு உறவில்லை, விஷமும் இல்லை.

தோண்டுவது வேறு, புதைவது வேறு

தோட்டத்து வரப்பில் எலி வளை பார்த்திருப்பீர்கள். வளை வாசலில் புது மண் குவிந்திருக்கும். எலி உள்ளேயிருந்து மண்ணைப் பறித்து வெளியே தள்ளியிருக்கிறது. வயல் நண்டும் அப்படித்தான், வளையைச் சுற்றிச் சேற்று உருண்டைகளை வைக்கும். போர்வெல் போடும்போது கல் தூள் வெள்ளையாக மேலே பீய்ச்சி அடிக்கிறதே, அதுவும் இந்தக் கணக்குதான். தோண்டுவது என்றால், குழியில் இருந்த பொருள் குழிக்கு வெளியே வந்தாக வேண்டும்.

இப்போது கல்யாண வீட்டுக்கு வாருங்கள். பந்தக்கால் நட என்ன செய்கிறார்கள்? கடப்பாரையை மண்ணில் இறக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார்கள். ஆட்ட ஆட்ட மண் விலகி இடம் கொடுக்கிறது. ஒரு கூடை மண்கூட வெளியே வருவதில்லை. ஆனாலும் கால் நிற்க ஒரு குழி கிடைத்துவிடுகிறது. பக்கவாட்டு மண் நெருக்கப்பட்டு இறுகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாம்பு விலாங்கு செய்வது இதைத்தான். கூரான வாலை மண்ணில் வைத்து, உடலை வளைத்து நெளித்து, மண்ணை விலக்கிக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறது.

ஆனால் கடப்பாரைக்குப் பின்னால் ஒரு மனிதனின் தோள் பலம் இருக்கிறது. சுண்டுவிரல் தடிமன் உள்ள மீனுக்கு அந்தப் பலம் ஏது? இதற்கு விடை எனக்குச் சிறு வயதிலேயே கிடைத்துவிட்டது, அப்போது அது விடை என்று தெரியவில்லை. ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடிக்குப் போவோம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குதிகாலை அப்படியும் இப்படியும் திருகினால், கால் மெல்ல மணலுக்குள் இறங்கும். எனக்கு அது விளையாட்டு. அப்பாரு கரையிலிருந்து சத்தம் போடுவார்: "கண்ணு, காலை ஆட்டாதே, ஆறு இழுத்துக்கும்!" ஆறு இழுக்கவில்லை. என் கால்தான் மணலை இளக்கிக்கொண்டிருந்தது.

நடப்பது இதுதான். தண்ணீருக்கடியில் கிடக்கும் மணலில் ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளைத் தொட்டுக்கொண்டு, ஒன்றின் பாரத்தை ஒன்று தாங்கி நிற்கிறது. அதனால்தான் அசையாமல் நின்றால் கால் இறங்குவதில்லை. திருகினால் துகள்களுக்கு நடுவே தண்ணீர் புகுகிறது. ஒன்றையொன்று தொடாமல் துகள்கள் மிதக்கத் தொடங்குகின்றன. அந்த இடத்து மணல் அந்தச் சில நொடிகளுக்குக் கூழ் மாதிரி ஆகிவிடுகிறது. இதை மணல் இளக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் நின்றதும் துகள்கள் மறுபடி ஒன்றோடொன்று படிந்து கெட்டியாகும். காலை வெளியே எடுக்கும்போது பிடித்து வைத்தது போல இருப்பது அதனால்தான்.

ஆக, புதைவதற்குப் பெரும் பலம் தேவையில்லை. சரியான நெளிவும் கூரான முனையும், இளகக்கூடிய ஈர மண்ணும் இருந்தால் போதும். மண் வெளியே தள்ளப்படுவதே இல்லை.

வால் ஏன் முன்னே போகிறது

சாதாரண மீனின் வால் விசிறி மாதிரி விரிந்திருக்கும். கெண்டை மீனை மணலில் பின்பக்கமாகச் செருக முடியாது. பாம்பு விலாங்கில் அந்த விசிறி இல்லை. முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வால் நுனிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகின்றன. விசிறியைத் தாங்க வேண்டிய நுனி எலும்புகள் குறுகி ஒன்றாக இணைந்திருக்கின்றன. மேலே தோல் தடித்து, நுனி ஒரு கெட்டியான ஆணி மாதிரி ஆகிவிட்டது. பந்தக்காலின் அடியைச் சீவிக் கூராக்குகிறோமே, அந்த வேலையை இயற்கை இங்கே செய்திருக்கிறது.

வால் பக்கமாக இறங்குவதில் இன்னொரு வசதி உண்டு. முழுதும் இறங்கி முடிந்ததும் தலை தானாகவே வாசலில் இருக்கும். எலி வளைக்குள் தலை முன்னாகப் போனால் திரும்ப இடம் வேண்டும். இந்த மீனுக்குத் திரும்பும் வேலையே இல்லை. கண்ணும் மூக்கும் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிய, பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். நண்டோ சிறு மீனோ அருகே வந்தால் பிடித்துக்கொள்ளும். மூக்குத் துளைகளில் முன்னாலிருக்கும் இரண்டும் மேலுதட்டின் ஓரத்தில் சிறு குழாய்களாகக் கீழ்நோக்கி நீண்டிருக்கும். இரை தேடுவதில் கண்ணைவிட மோப்பத்துக்குத்தான் வேலை அதிகம்.

நம் பிசோடோனோபிஸ் போரோவுக்குக் கூடுதலாக ஒரு திறமை இருக்கிறது. அது தலை முன்னாகவும் மண்ணுக்குள் நுழையும். அதன் மண்டையோடு அழுத்தத்தைத் தாங்கும்படி கெட்டியாகவும், கண்கள் சிறிதாகவும் இருப்பது அதற்கு உதவுகிறது. மண்ணில் வாழும் விலாங்குகள் எல்லாமே இப்படி இல்லை. தோட்ட விலாங்கு எனப்படும் வகை வால் பக்கமாக இறங்கி, பாதி உடலை மேலே நீட்டிக்கொண்டு கூட்டமாக நிற்கும், நாற்றங்கால் மாதிரி. சேமியா போல மெலிந்த இன்னொரு வகை தலை முன்னாகத்தான் போகும்.

நம் காட்டு மேட்டில் மண்ணுளிப் பாம்பு இருக்கிறது. வால் மழுங்கி இன்னொரு தலை போலத் தெரிவதால் அதை இருதலைப் பாம்பு என்று சொல்லி, பணம் கொழிக்கும் என்று புரளி கிளப்பி, அந்தச் சாதுவான உயிரைப் பிடித்து விற்கிற கொடுமையும் நடக்கிறது. மண்ணுளியும் பாம்பு விலாங்கும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. ஒன்று ஊர்வன, மற்றது மீன். ஆனால் இரண்டும் தளர்ந்த மண்ணுக்குள் வாழ்வதால் இரண்டுக்கும் உருளை உடலும் சிறு கண்ணும் வாய்த்திருக்கின்றன. ஒரே வேலை செய்கிற கருவிகள் ஒரே வடிவத்துக்கு வந்து சேரும்.

வாலைப் பற்றி ஒரு பயமும் உலவுகிறது. பெரிய மீனின் வயிற்றை அறுத்தால் உடற்குழிக்குள், குடலுக்கு வெளியே, பாம்பு விலாங்கு சில நேரம் காய்ந்து கிடக்கும். ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். "உள்ளே போய் மீனைத் தின்கிற ஒட்டுண்ணி" என்று இதைச் சொல்கிறார்கள். உண்மை வேறு. பெரிய மீன் இதை உயிரோடு விழுங்கிவிட்டது. உள்ளே போன விலாங்கு தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தது: கூரான முனையால் வழி தேடியது. வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளியே வந்தும் உடற்குழிக்குள் மாட்டிக்கொண்டு இறந்துபோனது. தின்றது அதுவல்ல, தின்னப்பட்டதுதான் அது.

வளை ஏன் சரிந்து மூடுவதில்லை

மணல் இளகினால் நுழைவது எளிது, சரி. அதே மணல் மறுபடி சரிந்து மூச்சை அடைத்துவிடாதா?

போர்வெல்லுக்கே திரும்பப் போகலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் ஓடுவது நமக்குத் தெரியும். கெட்டிப் பாறையில் துளை தானாக நிற்கும். மேலே இருக்கும் தளர்ந்த மண்ணில் நிற்காது. அதனால் பாறை வரும் வரைக்கும் கேசிங் பைப் இறக்குகிறார்கள். பாம்பு விலாங்கு போவது முழுக்கத் தளர்ந்த மண். அதற்குக் கேசிங் பைப் அதன் தோலிலேயே சுரக்கிறது.

விலாங்கைக் கையில் பிடித்தால் நழுவுகிறதே, அந்த வழுவழுப்புக்குச் சளிப்பூச்சு என்று பெயர் வைப்போம். தோலில் இருக்கும் நுண்ணிய சுரப்பி உயிரணுக்கள் அதை விடாமல் சுரக்கின்றன. பாறை இடுக்கில் வாழும் விலாங்குகளைவிட மணலில் புதையும் விலாங்குகளின் தோலில் இவை நெருக்கமாக இருக்கின்றன. சளி இரண்டு வேலை செய்கிறது. உடலுக்கும் மணலுக்கும் இடையே உராய்வைக் குறைக்கிறது. மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, வளையின் சுவர் சரியாமல் பிடிக்கிறது. சாணி மெழுகிய திண்ணை புழுதி கிளப்பாமல் நிற்பது போல.

மூச்சு விஷயமும் இங்கேயே முடிந்துவிடும். வாய் வெளியே இருக்கிறது, தெளிந்த தண்ணீரை இழுக்கிறது. செவுள் வாய் மண்ணுக்குள் இருக்கிறது. அது சின்னதாக இருப்பதால் மணல் உள்ளே ஏறுவது குறைவு, வெளியேறும் தண்ணீரும் மணலைத் தள்ளியே வைக்கிறது.

எந்த மண்ணில் வாழும்

இனி இடத்துக்கு வருவோம். ஆறு கடலைச் சேரும் வாய்க்குக் கழிமுகம் என்று பெயர். அங்கே ஆற்றின் நன்னீரும் கடலின் உப்பு நீரும் கலக்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கழிமுகத்தில் அது நாளுக்கு நாள், மழைக்கு மழை மாறும். அதோடு கடல் மட்டம் நாளும் ஏறி இறங்குகிறது. அதை ஏற்றவற்றம் என்கிறோம். தமிழ்நாட்டுக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதில்லை, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் தரை சமதளமாக இருக்கும் இடத்தில் ஒரு மீட்டர் இறங்கினாலே பரந்த சேற்றுத் திட்டு வெளியே தெரியும்.

அந்தத் திட்டில் எல்லா இடமும் பாம்பு விலாங்குக்கு உதவாது. மண்ணியலில் துகளின் அளவை வைத்து மண்ணைப் பிரிக்கிறார்கள். 2 மில்லிமீட்டருக்கும் 0.06 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது மணல். 0.004க்கும் கீழே களி. இரண்டுக்கும் நடுவே இருப்பது வண்டல். சரளைக் கல்லாக இருந்தால் வால் இறங்காது. வெறும் களியாகக் குழைந்து கிடந்தால் உள்ளே காற்றோட்டம் இருக்காது. வெயிலில் காய்ந்து இறுகினால் செருகவே முடியாது. மணலும் வண்டலும் கலந்து, எப்போதும் ஈரமாக, இளகக்கூடியதாக இருக்க வேண்டும். கரிசலில் ஒரு பயிர், செம்மண்ணில் ஒரு பயிர் என்று பிரித்து விதைக்கிற நம் விவசாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

சேற்றுத் திட்டில் கையை விட்டுக் கொஞ்சம் கிளறினால் உள்ளே கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை வாடை வரும். நம் ஊரில் குளம் தூர் வாரும்போது வருகிற அதே வாடை. காரணமும் ஏறத்தாழ அதுவே. கடல்நீரிலேயே ஆக்சிஜன் குறைவு. நம் கரையின் வெதுவெதுப்பான நீரில் ஒரு லிட்டரில் 6 மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். அது சேற்றுக்குள் சில மில்லிமீட்டர் இறங்குவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள், கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தி, மட்கும் பொருள்களைச் சிதைக்கின்றன. அதில் பிறப்பதுதான் அந்த நாற்ற வாயு. கறுப்பு, மண்ணிலிருக்கும் இரும்பு அதனோடு சேர்ந்ததால் வந்தது.

சுருங்கச் சொன்னால், மேலே சில மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உயிருக்கு இலகுவான மண். கீழே மூச்சுமுட்டும் இருட்டு. அந்த இருட்டுக்குள்தான் இந்த மீன் உடலை வைத்திருக்கிறது, வாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு.

சேற்றுக்கு உழவு

மஞ்சள் காட்டில் களை எடுத்துக் கொத்திவிடுகிறோம். களை போவது ஒரு பயன், வேருக்குக் காற்று போவது இன்னொன்று. மண்புழு இருக்கும் காடு மெத்தென்று இருப்பதும் அதனால்தான். கடலோரச் சேற்றுக்குக் கொத்து போடுகிற வேலையை அங்கே வாழும் உயிர்களே செய்கின்றன. நண்டு, புழு, சிப்பி, புதையும் மீன் எல்லாம் நுழைந்து வெளியேறும்போது வளை வழியாக ஆக்சிஜன் நீர் கீழே இறங்குகிறது. வளையைச் சுற்றிக் கறுப்பு மண் வெளிறிப் பழுப்பாக மாறும். இதை உயிர்க் கிளறல் என்று சொல்லலாம்.

இதில் பெரும் பங்கு நண்டுக்கும் புழுவுக்கும்தான். பாம்பு விலாங்கு ஒன்றே கடற்கரையைக் காப்பாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு நல்ல அடையாளம். நண்டைத் தின்று, நண்டின் எதிரியாகவும் நண்டிருக்கும் மண்ணின் குடியாகவும் வாழ்கிறது. அது இருக்கிறது என்றால் இரை இருக்கிறது, மண் இளக்கமாக இருக்கிறது, மேலே வரும் நீரில் மூச்சு இருக்கிறது. மீன் பண்ணைக் கழிவும் சாக்கடையும் வந்து சேறு முழுக்க மூச்சடைத்துப் போன இடத்தில் மேலே நீர் பளபளவென்று தெரியலாம், கீழே குடித்தனம் இருக்காது.

குஞ்சுக்கு இலை வடிவம்

இவை விலாங்குதான் என்பதற்கு இன்னொரு சாட்சி குஞ்சுப் பருவம். எல்லா உண்மையான விலாங்குகளின் குஞ்சும் கண்ணாடி போல ஒளி ஊடுருவும், வேப்பிலை போலத் தட்டையான ஒரு வடிவில் கடலில் மிதக்கும். அதற்கு லெப்டோசெபாலஸ் என்று பெயர், 'மெல்லிய தலை' என்று அர்த்தம். ஒரு காலத்தில் இதைத் தனி மீன் என்றே நினைத்துப் பெயர் வைத்தார்கள். இத்தாலியில் 1890களில் தொட்டியில் வளர்த்துப் பார்த்தபோதுதான், இலை சுருங்கிச் சிறு விலாங்காக மாறுவதைக் கண்டார்கள்.

நம் காவிரியிலும் பவானியிலும் பிடிபடுகிற விலாங்கும் இந்தக் குடும்பத்துச் சொந்தம்தான், வேறு கிளை. அதுவும் கடலில் பிறந்து இலையாக மிதந்து, பிறகு ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகும். வயல் சேற்றில் பிடிக்கிற ஆரல் மட்டும் பார்வைக்குத்தான் விலாங்கு போல நீளம், விலாங்கு இனம் அல்ல.

கொங்கு மண் போய்ச் சேரும் இடம்

"கடலுக்கும் நமக்கும் என்னங்க?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சேற்றுத் திட்டின் மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நீலகிரியில் கரைந்தது பவானியில் வந்து கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. வெள்ளியங்கிரியில் பிறந்த நொய்யல் கொடுமுடிக்குக் கீழே சேர்கிறது. ஆனைமலைப் பக்கத்திலிருந்து அமராவதி கரூரைத் தாண்டிச் சேர்கிறது. சேர்ந்த நீர் முக்கொம்பில் பிரிந்து, ஒரு கை கொள்ளிடமாகப் போய்ப் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. இன்னும் சில கிளைகள் தெற்கே முத்துப்பேட்டைச் சதுப்புக்கு வடிகின்றன. இந்தக் கழிமுகங்களின் வண்டலில் நம் மலையும் நம் காடும் கலந்திருக்கின்றன.

இந்த வரவு இப்போது குறைந்துவிட்டது. மேட்டூர் அணை 1934இல் வந்தது, பவானிசாகர் 1955இல். அணை நமக்குச் சோறு போட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அணையில் நீர் நிற்கும்போது அது சுமந்து வந்த மணலும் வண்டலும் அடியில் படிந்துவிடுகின்றன. மதகு திறந்தால் வருவது பெரும்பாலும் தெளிந்த நீர். அணைக்குக் கீழே மிச்சமிருந்த மணலையும் லாரி லாரியாக அள்ளிவிட்டோம். சிறு வயதில் நான் கால் புதைத்து விளையாடிய இடத்தில் இப்போது பாறை தெரிகிறது. ஆற்று மண் வரவு நின்றால் கடல் அலை கரையைத் தின்னும். இளக்கமான திட்டுகள் சுருங்கும். வால் இறங்குவதற்கு மண் வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்த மண் இங்கிருந்து போக வேண்டியது.

மண்ணோடு வேறு சிலவும் போகின்றன. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதற்கு 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. பாசனத்துக்குக் கட்டிய அணை கழிவு நீர்த் தொட்டியாகிப் போனது. 2011இல் உயர் நீதிமன்றம், கழிவு துளியும் வெளியேறாமல் சுத்திகரிக்கும் வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் கரைப் பக்கத்து விவசாயிகள். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவன்தான் முதலில் படுவான். அவனுக்கும் கீழே, பேச வாயில்லாமல் இருப்பது கழிமுகத்து உயிர்.

இன்னொரு தொடர்பு நம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் விலை ஏறிவிட்டது என்று இங்கே சலித்துக்கொள்கிறோம். இழுவலை கடலடி மண்ணை வாரிக்கொண்டு போகும். மண்ணில் புதைந்தவையும் அதில் சிக்கும். விற்பனைக்கு ஆகாத அவற்றை ஓரமாகப் போட்டுவிடுவார்கள். ஈரோட்டுக் கடையில் விழுந்ததும் அப்படி எங்கோ வாரப்பட்டு வந்ததாகத்தான் இருக்கும். அந்த 61 நாள் கடலடித் தரைக்குக் கிடைக்கும் ஓய்வு.

நேரில் பார்க்க

வேளாங்கண்ணிக்கோ சிதம்பரத்துக்கோ வண்டி பிடித்துப் போகிற நம் ஊர்க்காரர்கள், கூடுதலாக ஒரு நாள் எடுத்துப் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு வரலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிறது. 2022இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வற்றம் எப்போது என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது விரல் நுனியில் இருக்கும்.

திட்டின் ஓரத்தில் ஆழமில்லாத தண்ணீருக்கடியில் ஓட்டைகள் தெரியும். சுற்றிலும் மண் உருண்டை இருந்தால் நண்டு. மண்ணே வெளியே வராமல் ஓட்டை மட்டும் வட்டமாக இருந்தால் புழுவாகவோ சிப்பியாகவோ பாம்பு விலாங்காகவோ இருக்கலாம். கையை மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழாதபடி தள்ளி நின்று, பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஓட்டையின் விளிம்பில் மிளகு அளவில் இரண்டு கண்ணும், அதற்குக் கீழே தாடை மெல்ல ஏறி இறங்குவதும் தெரிந்தால், தண்ணீருக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது பாம்பு விலாங்கு.